ஹைபிரிட் கார்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பெட்ரோல் எஞ்சினோடு, பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்திருப்பதுதான் ஹைபிரிட் கார். அதை வைத்திருப்பவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. இந்த வண்டிகளை சர்வீஸ் செய்வதுதான் என் வேலை. சொந்தமாக ஓட்டுவதும் ஹைபிரிட்தான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், புது வண்டி. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சத்தமே வரவில்லை. வண்டி ஆனாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மீட்டரில் 'ரெடி' விளக்கு எரிந்தால் வண்டி ஓடத் தயார். பிரேக்கை மிதித்தபடி பட்டனை அழுத்தினால்தான் அது எரியும். மிதிக்காமல் அழுத்தினால் ரேடியோ, விளக்கு எல்லாம் வேலை செய்யும், ஆனால் வண்டி நகராது.

இதைவிட முக்கியமானது இறங்கும்போது கவனிக்க வேண்டியது. சத்தம் இல்லை என்பதால் வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடாதீர்கள். ரெடி விளக்கு எரிந்துகொண்டிருந்தால், பேட்டரி சார்ஜ் இறங்கியதும் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும். மூடிய கராஜாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, வீட்டுக்குள்ளும் பரவும், உயிரையே எடுத்துவிடும். மீட்டர் முழுவதும் இருண்டதைப் பார்த்த பிறகே இறங்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாராவது ஓட்டினால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஷோரூமில் போனால் எல்லாவற்றையும் ஹைபிரிட் என்கிறார்கள். விலை மட்டும் எங்கேயோ இருக்கிறது. என்ன வித்தியாசம்?

பதில்: விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எஞ்சின் அணைந்திருக்கும்போது மோட்டார் மட்டும் இந்த வண்டியை ஓட்டுமா? இல்லை என்றால் அது பெரும்பாலும் மைல்டு ஹைபிரிட். அதில் இருக்கும் சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், சிக்னலில் அணைந்த எஞ்சினைச் சட்டென்று எழுப்பும், அவ்வளவுதான். பெட்ரோல் மிச்சமும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

ஓட்டும் என்றால் அது ஃபுல் ஹைபிரிட். சிலர் ஸ்ட்ராங் ஹைபிரிட் என்பார்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ் இந்த வகை. இதற்கு வெளியிலிருந்து சார்ஜ் போட முடியாது, போடவும் வேண்டாம். மூன்றாவது வகை பிளக்-இன். பேட்டரி பெரியது, சார்ஜ் போட்டு ஓட்ட வேண்டியது. தினமும் சார்ஜ் போட வசதியோ பொறுமையோ இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. போடாமல் ஓட்டினால் கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோலைத்தான் எரிப்பீர்கள். கீழே நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

கேள்வி: நகரத்துக்குள் மைலேஜ் அருமை. ஆனால் நெடுஞ்சாலையில் போனால் குறைகிறது. முன்பு வைத்திருந்த சாதாரண பெட்ரோல் கார் நேர்மாறாக இருந்தது. வண்டியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. ஹைபிரிட் அப்படித்தான் இருக்கும்.

சாதாரண வண்டியில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டியின் வேகம் சூடாக மாறி வீணாகிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடிப் பெட்ரோலைக் குடிக்கிறது. நகரத்தில் இந்த இரண்டும் அடிக்கடி நடக்கும். ஹைபிரிடில் பிரேக் பிடித்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி அந்த ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்கு அனுப்புகிறது. நின்றால் எஞ்சின் அணைகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்கும் இல்லை, நிற்பதும் இல்லை. மிச்சம் பிடிக்க அங்கே என்ன இருக்கிறது? காற்றின் எதிர்ப்பு வேறு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 80-ல் போவதற்கும் 120-ல் போவதற்கும் அந்த எதிர்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படும்.

இருந்தாலும் நெடுஞ்சாலையில் ஹைபிரிட் முழுக்கத் தோற்றுவிடுவதில்லை. பெரும்பாலான ஹைபிரிட்களில் இருப்பது அட்கின்சன் முறையில் இயங்கும் எஞ்சின். உள்ளே காற்றை இழுக்கும் வால்வு தாமதமாக மூடும். அதனால் விசை குறைவு, ஆனால் எரியும் பெட்ரோலிலிருந்து கிடைக்கும் வேலை அதிகம். குறையும் விசையை மோட்டார் ஈடுகட்டிவிடும்.

மைலேஜை உண்மையில் கெடுப்பது குட்டிக் குட்டிப் பயணங்கள். எஞ்சினும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடாகும் வரை எஞ்சின் அணையாது. குளிர் காலத்தில் ஹீட்டருக்காகவும் ஓடும். ஐந்து நிமிடத்தில் போய்ச் சேரும் வேலைகளை ஒரே சுற்றில் முடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அப்புறம் டயர் காற்று. அதைச் சரியாக வைக்காமல் மைலேஜ் பற்றிப் பேசவே வேண்டாம்.

கேள்வி: அண்ணா, எஞ்சின் ஓடாமல் மின்சாரத்திலேயே போக வேண்டும் என்று ஆக்ஸிலேட்டரை மெல்லத் தொட்டு ஓட்டுகிறேன். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்தே கொல்கிறார்கள். இதுதானே சரியான முறை?

பதில்: இல்லை தம்பி. இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஃபுல் ஹைபிரிடில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் அந்தப் பெட்ரோல் டேங்கிலிருந்துதான். எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றி பேட்டரியை நிரப்புகிறது, பேட்டரி மோட்டாரை ஓட்டுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் இழக்கிறோம். நீங்கள் பிடிவாதமாக மின்சாரத்தில் ஓட்டித் தீர்த்தால், அதை மறுபடி நிரப்ப எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். பிரேக்கில் திரும்பக் கிடைத்த ஆற்றல் மட்டும்தான் உண்மையான லாபம்.

நான் ஓட்டுவது இப்படி: கிளம்பும்போது மிதமாக, தயங்காமல் அழுத்தி வேண்டிய வேகத்துக்கு வந்துவிடுவேன். எஞ்சின் ஓடட்டும், அந்த வேலைக்குத்தான் அது இருக்கிறது. வேகம் வந்ததும் காலைத் தளர்த்தினால் எஞ்சின் அணைந்து மோட்டார் இழுத்துக்கொண்டு போகும். முன்னால் சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் தூரத்திலேயே காலை எடுத்து, பிரேக்கை லேசாக, நீளமாகப் பிடிப்பேன். கடைசி நொடியில் அழுத்திப் பிடித்தால் மோட்டார் வாங்கிக்கொள்ளும் அளவைத் தாண்டியதெல்லாம் பிரேக் பேடில் சூடாகப் போய்விடும். எப்போது எது ஓட வேண்டும் என்று நொடிக்குப் பலமுறை கணக்குப் போடும் கணினி வண்டியிலேயே இருக்கிறது. அதன் வேலையை நாம் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: நெரிசலில் நிற்கும்போது நியூட்ரலில் போடலாமா?

பதில்: வேண்டாம். பல ஹைபிரிட்களில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது. நெரிசலில் நெடுநேரம் அப்படி நின்றால் ஏசி பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டிரைவில் வைத்து பிரேக்கைப் பிடித்திருங்கள், நீண்ட நேரம் என்றால் பார்க்.

கேள்வி: பழைய ஹைபிரிட் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. பேட்டரி போனால் கார் விலைக்கே செலவு வைக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?

பதில்: எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பேட்டரி ஒருநாள் பலவீனமாகும், உண்மை. ஆனால் செல்போன் பேட்டரியை மனதில் வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள். செல்போனைப் பூஜ்யம் வரை இறக்கி, நூறு வரை ஏற்றுகிறோம். ஹைபிரிட் பேட்டரியை அதன் கணினி அப்படி விடாது. ஏறக்குறைய 40-லிருந்து 80 சதவீதத்துக்குள் மட்டுமே ஏற்றி இறக்கும். நீங்கள் மீட்டரில் பார்க்கும் காலி, நிறைவு இரண்டும் அந்த இடைவெளிக்குள்தான். இத்தனை ஆண்டுகள் அது உழைப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே. பல நாடுகளில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை இந்த பேட்டரிக்குத் தனி வாரண்டி கொடுக்கிறார்கள்.

பேட்டரிக்கு எதிரி சூடு. பல கார்களில் பின் சீட்டுக்குப் பக்கத்திலோ அடியிலோ சல்லடை போல ஒரு காற்றுத் துளை இருக்கும். அதன் வழியாகத்தான் காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை ஒரு விசிறி இழுத்து பேட்டரிக்கு அனுப்புகிறது. அங்கே பையையோ துணியையோ வைத்து அடைத்துவிடுகிறார்கள். நாய் பூனை ஏறும் வண்டிகளில் முடி போய் விசிறி முழுக்கச் சுற்றிக்கொள்ளும். பேட்டரி கெட்டுப் போனதாக வரும் வண்டிகளில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது இந்த விசிறியைத்தான். பில்டரை ஒவ்வொரு சர்வீஸிலும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கடும் வெயிலில் ஏசி இல்லாமல் கண்ணாடியை இறக்கி ஓட்டினால் பேட்டரிக்குப் போவதும் அந்தச் சூடான காற்றுதான் என்பதை மறக்க வேண்டாம்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது: ஸ்கேனர் (வண்டியின் கணினியில் இருப்பதைப் படிக்கும் கருவி) வைத்திருக்கும் நல்ல மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். வண்டியை ஒரு சுற்று ஓட்டியபடியே, பேட்டரியின் ஒவ்வொரு பிரிவின் வோல்டேஜையும் அவர் பார்க்க வேண்டும். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போனால் நல்லது. ஒன்று மட்டும் மேடு ஏறும்போது தனியாகச் சரிந்தால் அந்தப் பிரிவு போகப் போகிறது. மீட்டரில் சார்ஜ் சட்சட்டென்று ஏறி இறங்குவதும் நல்ல அறிகுறி இல்லை.

இன்னொன்று. பெரிய பேட்டரி என்பது மாட்யூல் எனப்படும் சின்னச் சின்ன பேட்டரிகளின் தொகுப்பு. இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் 28 மாட்யூல்கள் சேர்ந்து 201.6 வோல்ட் தரும். அதில் ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சிலர் மலிவாகச் செய்வார்கள். மற்ற 27-ம் அதே வயது என்பதால் சில மாதங்களில் அடுத்தது போகும். விற்பவர் "போன வருடம்தான் பேட்டரி மாற்றினேன்" என்றால், முழு பேட்டரியா, ஒரு மாட்யூலா என்று ரசீதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். ரிமோட் வேலை செய்யவில்லை, கதவே திறக்கவில்லை. அவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் ஏன்?

பதில்: ஏனென்றால் படுத்துவிட்டது பெரிய பேட்டரி இல்லை, சின்னது. எல்லா வண்டியிலும் இருப்பது போல இதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. கதவுப் பூட்டு, விளக்கு, கணினிகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. வண்டியை அணைத்ததும் பெரிய பேட்டரி பாதுகாப்புக்காகத் தனியே துண்டிக்கப்படுகிறது. அதை மறுபடி இணைக்கும் ரிலேவுக்கே இந்த 12 வோல்ட்தான் வேண்டும். எஞ்சினைச் சுற்றும் வேலை இதற்கு இல்லை என்பதால் பல மாடல்களில் சின்னதாகவே வைக்கிறார்கள். நின்ற இடத்தில் சீக்கிரம் இறங்கிவிடும்.

ரிமோட்டுக்குள் ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவிக் கதவைத் திறக்கலாம். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும் முனைகள் எங்கே என்று கையேட்டில் இப்போதே பார்த்து வையுங்கள். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்துவிட்டால் விலையுயர்ந்த மின்னணுப் பாகங்கள் போய்விடும், நிதானமாகச் செய்யுங்கள். அடுத்தவர் வண்டியை எழுப்ப உங்கள் ஹைபிரிடைக் கொடுக்காதீர்கள். பல கையேடுகள் அதைக் கூடாது என்றே சொல்கின்றன.

நீண்ட நாள் நிறுத்தினால் வாரம் ஒருமுறை ரெடியில் போட்டு ஒரு மணி நேரம் விடச் சொல்லுங்கள், திறந்த இடத்தில். பட்டனை மட்டும் அழுத்தி ரேடியோ கேட்டால் சார்ஜ் ஏறாது, இன்னும் இறங்கும்.

கேள்வி: மலையிலிருந்து இறங்கும்போது ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை, எஞ்சின் திடீரென்று உறுமுகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். நீளமான இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டது, இனி வாங்க இடமில்லை. அதனால் வண்டி எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமல் சுற்றவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. கியரில் 'B' என்ற நிலை இருந்தால் (பார்க்கைக் குறிக்கும் 'P' இல்லை) செங்குத்தான இறக்கத்தில் அதைப் போடுங்கள், பிரேக் சூடாகாது. சமதளத்தில் அதில் ஓட்டினால் மைலேஜ்தான் குறையும்.

கேள்வி: எனக்குப் பார்வை கிடையாது. கார் ஓட்டுவதில்லை. தெருவைக் கடக்கும்போது உங்கள் கார்கள் வருவதே காதில் விழுவதில்லை. இதற்கு யாரும் எதுவும் செய்யவில்லையா?

பதில்: உங்கள் கேள்வி வந்ததற்கு நன்றி, ஓட்டுபவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. செய்திருக்கிறார்கள். ஐ.நா.வின் 138-ஆம் எண் வாகன விதி, மெதுவாகப் போகும் மின்சார, ஹைபிரிட் வண்டிகள் செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம். மணிக்கு 20 கி.மீ. வரை அந்த ஒலி வரும்; அதற்கு மேல் டயர் சத்தமே கேட்கும். ஆனால் அதற்கு முன் வந்த பல வண்டிகளில் இது இல்லை. அவற்றை ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது: ரிவர்ஸ் எடுக்கும்போதும் பார்க்கிங்கில் நகரும்போதும் உங்கள் வண்டி வருவது யார் காதிலும் விழவில்லை என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். சத்தம் பிடிக்கவில்லை என்று அந்த ஸ்பீக்கரைக் கழற்றச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

கேள்வி: பிரேக் பேட் இத்தனை நாள் தேயாமல் இருக்குமா? மெக்கானிக் பார்க்கவே வேண்டாம் என்கிறார்.

பதில்: பேட் நீண்ட நாள் வரும், லட்சம் கி.மீ. தாண்டியும் முதல் பேடோடு வரும் வண்டிகள் உண்டு. ஆனால் பார்க்காமல் விடக் கூடாது. அதிகம் பயன்படாததால் டிஸ்கில் துரு ஏறும், காலிப்பர் பின்கள் இறுகிக்கொள்ளும். வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவது ஓட்டிய தூரத்தைப் பொறுத்தது இல்லை, காலத்தைப் பொறுத்தது. கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தெரிந்த மெக்கானிக்கிடமே சர்வீஸ் விடலாமா, கம்பெனிக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: எஞ்சின் ஆயில், டயர், சஸ்பென்ஷன், பிரேக் சுத்தம் எல்லாம் நல்ல மெக்கானிக் யாரும் செய்யலாம். ஆயில் மட்டும் கையேட்டில் சொன்னபடி 0W-20 போன்ற இலகுவானதாக இருக்கட்டும். பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்குத் தனியாக ஒரு கூலன்ட் டப்பா இருக்கும், பலர் அதைப் பார்ப்பதே இல்லை, காட்டிக் கொடுங்கள்.

ஏசியில் மட்டும் உஷாராக இருங்கள். ஹைபிரிட் ஏசியின் கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடுவதில்லை, பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஓடுகிறது. அதனால்தான் சிக்னலில் எஞ்சின் நின்றாலும் குளிர்கிறது. அதற்குள் போவது மின்சாரம் கடத்தாத தனி வகை ஆயில். சாதாரண கார் ஏசி ஆயில் கலந்தால் மின்கசிவு ஏற்பட்டு வண்டி எச்சரிக்கை காட்டி நின்றுவிடும், கம்ப்ரஸரையே மாற்ற வேண்டி வரலாம். கேஸ் ஏற்றும் முன், எந்த ஆயில் போடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். எல்லாம் ஒன்றுதான் என்று பதில் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஆரஞ்சு நிற வயரில் ஓடுவது பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தம்; அது எங்கே தெரிந்தாலும், அதற்கென்று பயிற்சி இல்லாத யாரும் கை வைக்க விடாதீர்கள்.