நடுக்குவாதம் உள்ளவர் தண்ணீரில் இறங்கலாமா? வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு 64 வயது. நடுக்குவாதம் (பார்க்கின்சன்) இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கிணற்றில் நீந்தியவர். "நீச்சல் மறக்காது" என்கிறார். விடலாமா? (அலங்காநல்லூர்)

கிணற்றுக்கு வேண்டவே வேண்டாம். நீச்சல் நினைவில் இருக்கும். கையும் காலும் சேர்ந்து வராது. இந்த நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தைக் கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் கையின் வீச்சு சுருங்கினால் உடம்பு அந்தப் பக்கமே சாயும். கழுத்து விறைத்திருப்பதால் மூச்செடுக்கத் தலை திரும்பாது. நன்றாக நடப்பவருக்கும் இது நேரலாம் என்பதுதான் ஆபத்து. கிணற்றிலோ கால் ஊன்ற இடமில்லை, படியெல்லாம் பாசி.

ஆனால் அவர் ஆசையை ஒரேயடியாக அடக்கிவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டுவிட்டு நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போங்கள். இடுப்பளவுத் தண்ணீர் போதும். நன்றாக நீந்தத் தெரிந்தவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். முதலில் மல்லாந்து மிதக்கட்டும். பிறகு குப்புற மிதந்து, தானாக எழுந்து கால் ஊன்றட்டும். அது வந்தால் மட்டும் சுவரையொட்டி 5 மீட்டர். எழத் தடுமாறினால் அன்றோடு நிறுத்துங்கள். மருந்தின் அளவு மாறும்போதெல்லாம் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து இறங்கலாம்? (மேலூர்)

இந்த நோய்க்குப் பெரும்பாலும் தரும் மாத்திரையான லெவோடோபா பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். உடம்பு நன்றாக இளகிய பிறகு இறங்கி, மருந்தின் வேகம் குறையும் முன்பே ஏறிவிடுங்கள். பருப்பு, முட்டை, கறியோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேரத் தாமதமாகும். கரையேறும்போது நிதானம் வேண்டும்: தண்ணீரின் அழுத்தம் விலகியதும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். படியிலேயே உட்கார்ந்து, பிறகு எழுங்கள்.

நடுக்குவாதத்துக்கு அறுவை செய்து மூளையில் மின்முனை பொருத்தியபின் நடை தேறிவிட்டது. நீந்தலாம்தானே? (திருமங்கலம்)

இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அறுவைக்கு முன் நன்றாக நீந்திய 9 பேர் பிறகு நீந்த முடியாமல் போனதை சூரிச் மருத்துவர்கள் 2019இல் வெளியிட்டார்கள். மின்முனைக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவியை அணைத்துப் பார்த்த 3 பேருக்கு நீச்சல் உடனே திரும்பியது; ஆனால் நோயின் மற்றத் தொல்லைகள் கூடியதால் மறுபடி போட்டுக்கொண்டார்கள். ஆகவே நீங்களாக அணைக்காதீர்கள். துணையில்லாமல் ஆழத்துக்கும் போகாதீர்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும்போது அம்மாவை வைகைக்குள் கூட்டிப்போகலாமா? (செல்லூர்)

கரையிலிருந்தே சேவிக்கட்டும். நெரிசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்வது இந்த நோயின் இயல்பு. ஓடும் தண்ணீர் முழங்காலளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும்.

லாரி டியூப் கட்டினால் போதுமா? (சோழவந்தான்)

போதாது. பிடி தளர்ந்தால் நழுவும், கவிழும். நுரைப்பட்டை வைத்த லைஃப் ஜாக்கெட்டில், கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் பகுதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுங்கள். மோவாய்க்கு மேல் ஏறினால் அளவு பெரிது.