யுகட்டான் மாயா போர்: 1855ஆ, 1901ஆ?

வணக்கம். மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் மாயா பூர்வகுடிகள் நடத்திய எழுச்சி முடிந்த ஆண்டு ஒரு நூலில் 1855, இன்னொன்றில் 1901 என்று இருப்பதால் கருத்தரங்கக் கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் 1901 என்று எழுதுங்கள். 1855 என்பது போர் ஓய்ந்துவிட்டதாக அரசுத் தரப்பு அறிவித்துக்கொண்ட ஆண்டு மட்டுமே.

1847 ஜூலையில் மாயா தலைவர் மனுவேல் அந்தோனியோ ஆய் வல்லாடோலிட் நகரில் கொல்லப்பட்டார். சில நாட்களில் இன்னொரு மாயா தலைவரான செசிலியோ சி தெபிச் ஊரைத் தாக்கினார். வரிச்சுமையும், கரும்புத் தோட்டங்களுக்குப் பறிபோன நிலமும் அதற்கு முன்பே மக்களைக் கொதிக்க வைத்திருந்தன. 1848இல் தீபகற்பத்தின் பெரும்பகுதி மாயா போராளிகள் கையில் இருந்தது. மெரிடாவும் கம்பேச்சேயும்தான் விழவில்லை. பிறகு பின்வாங்கினார்கள், ஆனால் அடங்கவில்லை. 1850இல் கிழக்குக் காட்டில் ‘பேசும் சிலுவை’ வழிபாடு, அதாவது கடவுளின் குரலாகப் பேசுவதாக நம்பப்பட்ட ஒரு சிலுவையின் வழிபாடு, தோன்றியது. அதைச் சுற்றிச் சான் சாந்தா குரூஸ் என்ற தலைநகரமே எழுந்தது. பிரிட்டிஷ் ஹொண்டுராஸ் (இன்றைய பெலீஸ்) வணிகர்களிடம் ஆயுதம் வாங்கி, அரை நூற்றாண்டு தன்னாட்சி நடத்தியவர்களை வெறும் கலகக்காரர்கள் என்று எப்படிச் சுருக்க முடியும்? 1893இல் மெக்சிகோவும் பிரிட்டனும் எல்லை ஒப்பந்தம் செய்தபின் அந்த ஆயுத வழி நெருக்கடிக்கு உள்ளானது. 1901 மே மாதம் ஜெனரல் பிராவோவின் மெக்சிகோப் படை அந்த மாயா தலைநகருக்குள் நுழைந்தது.

சிறு மோதல்கள் பிறகும் தொடர்ந்தன. அதற்கு அடிக்குறிப்பில் ஒரு வரி போதும்.