கேள்வி - பதில்: மீன் போனது சரி, ஊர் ஏன் போனது?

கே: கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் காட் மீன் அழிந்ததும் பல ஊர்கள் காலியாகிவிட்டன என்கிறார்கள். மீன் இல்லையென்றால் வேறு எதையாவது பிடித்துப் பிழைக்க வேண்டியதுதானே?
- வாசகர், நாகர்கோவில்

ப: பிடித்தார்களே! அதில்தான் சிக்கலே. முதலில் காட் போன கதையைப் பார்ப்போம். 1950களிலிருந்து, பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் ராட்சத டிராலர்கள் (இழுவலைக் கப்பல்கள்) ஐரோப்பாவிலிருந்தும் சோவியத்திலிருந்தும் வந்து காட் மீனை வாரிக்கொண்டு போயின; 1968-ல் மட்டும் எல்லோரும் சேர்ந்து பிடித்தது 8 லட்சம் டன்னுக்கு மேல். 1977-ல் கனடா 200 கடல் மைல் எல்லை போட்டு வெளிநாட்டுக்காரர்களைத் தள்ளிவைத்தது. நல்ல காரியம்தான், ஆனால் அதே இடத்தில் உள்நாட்டுக் கம்பெனிகளின் டிராலர்களை இறக்கிவிட்டது. 'வரவர மீன் சிறுத்துப்போகிறது' என்று கரையோரச் சிறுபடகுக்காரர்கள் கத்தியது எடுபடவில்லை. கடைசியில் 1992 ஜூலை 2 அன்று காட் பிடிக்கத் தடை. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு வருஷத்துக்கு என்று சொன்ன தடையை 2024-ல்தான் எடுத்தார்கள்.

அப்புறம் நண்டும் இறாலும் பெருகின. சில வருஷங்களிலேயே கடல் வருமானம் பழைய அளவைத் தாண்டிவிட்டது, புள்ளிவிவரம் பார்க்கிறவர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் காட் இருந்தபோது ஆண்கள் கடலுக்குப் போனால் பெண்கள் மீன் ஆலையில் நிற்பார்கள், அதற்கும் முந்தைய காலத்தில் வீடே சேர்ந்து மீனைக் கீறி, உப்புப் போட்டுக் காயவைக்கும், ஆக ஊரில் எல்லோர் கைக்கும் வேலை. நண்டுக்கு உரிமம் வைத்திருந்தவர்களோ கொஞ்சம் பேர், ஆலை வேலையும் சில வாரங்கள்தான். பணம் வந்தது, வேலை வரவில்லை. அரசு தந்த நிவாரணப் பணம் தீர்ந்ததும் இளசுகள் ஆல்பர்ட்டா எண்ணெய் வயல்களுக்குக் கிளம்பிவிட்டார்கள். பத்தே ஆண்டுகளில் அந்த மாகாணத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தது. பிள்ளைகள் இல்லாத ஊரில் பள்ளிக்கூடம் எத்தனை நாள் நடக்கும், சொல்லுங்கள்.

கே: தப்பித்த ஊரே கிடையாதா?
- வாசகி, தூத்துக்குடி

ப: உண்டு, பக்கத்திலேயே ஃபோகோ தீவு. 1960களில் தீவைக் காலிசெய்துவிட்டு வேறு இடம் போகலாமா என்ற பேச்சு அடிபட்டபோது, அந்த மக்கள் 1967-ல் மீனவர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். படகு கட்டுவதும் ஆலை நடத்துவதும் அவர்கள் கையிலேயே வந்தது. காட் போனபோது அங்கேயும் அடிதான், அங்கிருந்தும் ஆட்கள் போனார்கள். ஆனால் நண்டு வந்தபோது அதைப் பதப்படுத்தும் ஆலை சங்கத்துடையது, எனவே வந்த காசு வெளியூர் முதலாளிக்குப் போகவில்லை. சங்கம் இன்றும் நடக்கிறது.