ஒரே வளையல், இரண்டு சீட்டு: ஜேட் கல்லை அகச்சிவப்பு ஒளி எப்படிப் பார்க்கிறது?

கேள்வி: மகள் கல்யாணத்துக்காக மண்டலே ஜேட் சந்தையில் பச்சை வளையல் ஒன்று வாங்கினோம். கடைக்காரர் மேசை மேல் இருந்த கருவியில் வைத்து அகச்சிவப்புச் சோதனை செய்து, ‘ஜேடைட், அசல்’ என்று சீட்டு கொடுத்தார். யாங்கூனில் ஓர் ஆய்வகத்தில் காட்டினால், அவர்களும் அகச்சிவப்புச் சோதனைதான் செய்தார்கள். ஆனால் ‘பி வகை, பிசின் ஏற்றியது’ என்கிறார்கள். இரண்டு வரைபடத்தையும் அனுப்பியிருக்கிறேன். யாரை நம்புவது?
– வாசகி, யாங்கூன்

பதில்: யாங்கூன் சீட்டை நம்புங்கள். மண்டலே சீட்டில் ‘ஜேடைட்’ என்று எழுதியது சரி. ‘அசல்’ என்று எழுத அந்தச் சோதனையில் இடமே இல்லை.

முதல் வரைபடம் கல்லின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிய ஒளியை அளந்தது. சென்டிமீட்டருக்கு 400 முதல் 1,500 அலைகள் வரையுள்ள பகுதி. இரண்டாவது, கல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வந்த ஒளியை அளந்தது. 2,000 முதல் 4,000 வரை. இந்த இரண்டு பகுதிகளிலும் கல் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

ஜேட் என்று விற்கப்படும் கற்களில் ஒன்றான ஜேடைட் என்பது சோடியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்ஸிஜன் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகம். அந்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை, ஓயாமல் அதிர்கின்றன. அவற்றில் மின்னேற்றமும் உண்டு. ஆகவே ஒளியின் மின்புலம் ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் இழுக்கும். ஒளியின் அதிர்வும் அணுக்களின் சொந்த அதிர்வும் ஒத்துப்போகிற இடத்தில் படிகம் ஒளியை விழுங்கிவிடும். சிலிக்கான்–ஆக்ஸிஜன் பிணைப்புக்கு அந்த இடம் ஏறத்தாழ 1,000 அலைகள். நொடிக்கு சுமார் 30 லட்சம் கோடி அதிர்வுகள்.

அதற்குச் சற்று மேலே போனால் இன்னும் விசேஷம். அணுக்கள் ஒளியின் மின்புலத்துக்கு நேர் எதிராக ஆடத் தொடங்கி, அதை உள்ளே நுழையவிடாமல் செய்கின்றன. ஒளி வந்த வழியே திரும்புகிறது. நம் கண்ணுக்கு ஒளி கசியும் பச்சைக் கல், அந்தக் குறுகிய பட்டையில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பியனுப்புகிறது. 1897-ல் ரூபென்ஸ், நிக்கல்ஸ் என்ற இயற்பியலாளர்கள் குவார்ட்ஸ் படிகத்தில் ஒளியைத் திரும்பத் திரும்பப் பட்டுத் தெறிக்கவைத்து, கடைசியில் இந்தப் பட்டை மட்டும் எஞ்சுவதைக் காட்டினார்கள். 1900-ல் இதே உத்தியால் ரூபென்ஸ் எடுத்த அளவுகள்தான் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க்கைத் தம் கதிர்வீச்சு விதிக்குக் கொண்டுபோயின. ஒரு கல்லின் அதிர்விலிருந்து குவாண்டம் இயற்பியலுக்கு வழி திறந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

திரும்பிவரும் பட்டையின் வடிவத்தை அணுக்களின் எடையும் பிணைப்பின் இறுக்கமும் தீர்மானிக்கின்றன. ஜேடைட்டுக்கு ஒரு வடிவம், குவார்ட்ஸுக்கு இன்னொன்று, பச்சை செர்பன்டைனுக்கு வேறொன்று. சாயம் போட்ட குவார்ட்ஸை ஜேட் என்று விற்றால் கடைக்காரரின் கருவி அங்கேயே பிடித்துவிடும். அந்த வகையில் நல்ல சோதனைதான். ஆனால் அது பார்ப்பது கல்லின் மேல்தோலை மட்டுமே. சில மைக்ரான் ஆழம், அவ்வளவுதான்.

பி வகையில் நடப்பது உள்ளே. பழுப்புக் கறையைப் போக்கக் கல்லை அமிலத்தில் ஊறவைப்பார்கள். அதில் படிக மணிகளுக்கு இடையேயுள்ள பிடிப்பு தளரும். அந்த இடைவெளிகளில் எபாக்ஸி பிசினை ஏற்றிவிடுவார்கள். அப்போதும் கல்லின் பெரும்பகுதி ஜேடைட்தான். அதனால் மேற்பரப்புப் பிரதிபலிப்பில் ஜேடைட்டின் குரலே ஓங்கி, பிசினுடையது அமுங்கிவிடும்.

பிசினைப் பிடிக்க, படிகம் அமைதியாக இருக்கும் பகுதிக்குப் போக வேண்டும். 2,500-க்கு மேல் ஜேடைட் பெரும்பாலும் ஒளியை விட்டுவிடுகிறது. ஹைட்ரஜன் மிக லேசான அணு என்பதால் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு வேகமாக அதிரும். அது சரியாக இந்தப் பகுதியில்தான் ஒளியை விழுங்கும். உங்கள் இரண்டாவது வரைபடத்தில் 2,870, 2,930, 2,965 அருகே ஆழமான பள்ளங்கள் தெரிகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், 3,035, 3,060 அருகே இரண்டு சிறு பள்ளங்கள். எபாக்ஸியிலுள்ள பென்சீன் வளையத்தின் (ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த வளையம்) அடையாளம் அவை. மெருகுக்குப் பூசும் மெழுகும் 2,850, 2,920-ல் பள்ளம் காட்டும். ஆனால் அந்தச் சிறு பள்ளங்கள் இரண்டும் மெழுகில் வராது. கையில் போட்டுப் பார்த்தபோது ஒட்டிய தேங்காய் எண்ணெயும் மெழுகைப் போலவே குழப்பும். அதனால் சோதனைக்குக் கொடுக்கும் முன் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவிவிடுங்கள்.

இந்தச் சோதனையால் வளையலுக்கு ஒரு கேடும் இல்லை. துளி சுரண்டித் தூள் எடுக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். இப்போது அதற்குத் தேவையில்லை. பச்சை நிறம் இயற்கையா சாயமா என்பதை அகச்சிவப்பு சொல்லாது. அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நிறமாலையில் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று உடனே எண்ணிவிடாதீர்கள். அவரிடம் கல்லை விற்றவர் அவரையே ஏமாற்றியிருக்கலாம். யாங்கூன் வரைபடத்தை அவர் முன் வைத்து, 3,035, 3,060 பள்ளங்களைக் காட்டி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டேன் என்று சொல்லி, பி வகை விலைக்கு ஒத்துக்கொண்டால், மகளுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுப்புச் சூட்டிலும் கடும் வெயிலிலும் அது படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலப்போக்கில் பிசின் மஞ்சளாகும்.