புளியமரத்தைத்தான் கான்ட்ராக்டுக்கு விட்டீர்கள், பொறுப்பை அல்ல

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார், நிலம் அவர் பேரில். கொல்லையில் இருந்த பெரிய புளியமரம் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. மழைக்கு முன்னால் வெட்டிவிடுங்கள் என்று அவர்களே வாட்ஸ்அப்பில் பலமுறை கேட்டார்கள். பொள்ளாச்சியில் மரம் வெட்டித் தருவதாகப் போர்டு வைத்திருந்த ஒருவரிடம் பேசினேன். தடியை (வெட்டிய மரத்தை) அவரே எடுத்துக்கொள்வார், அது போக நான் 15,000 ரூபாய் தர வேண்டும், வேரோடு தோண்டி இடத்தைச் சுத்தம் செய்து கொடுப்பார் என்று பேச்சு. எழுத்தில் ஒன்றுமில்லை. 10,000 ஜிபே செய்தேன். வெட்டும்போது என் தென்னங்கன்றுகள் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். பெரிய கிளை பக்கத்து வீட்டு ஓட்டிலும் மதிலிலும் விழுந்தது. மேலே நின்ற பையனும் விழுந்து கால் முறிந்துவிட்டது. மறுநாளே தடியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர் இப்போது போன் எடுப்பதில்லை, அடிமரம் அப்படியே நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு லட்சம் கேட்கிறார், அனுமதி இல்லாமல் வெட்டியதாகப் புகார் கொடுப்பேன் என்கிறார். பையனின் அம்மா ஆஸ்பத்திரிச் செலவு கேட்டு அழுகிறார். ஆள் தமிழ்நாடு, நான் கேரளா. யார் மேல், எங்கே போவது?

பதில்:

சகோதரி, முதலில் அந்த அனுமதிப் பயத்தை இறக்கி வையுங்கள். வனம் அல்லாத இடங்களில் மரம் வளர்ப்பை ஊக்குவிக்கும் சட்டம் என்று கேரளாவில் 2005-ல் ஒன்று வந்தது. அதன்படி சொந்த நிலத்தில் நிற்கும் சாதாரண மரங்களை உடமையாளர் வெட்டிக்கொள்ளலாம். புளியமரம் அதில் அடங்கும். சந்தனம் என்றால் கதையே வேறு, அதை வனத்துறை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. தேக்கு, ஈட்டி போன்ற மரங்களுக்கும், அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. நிலம் அரசு பட்டயமாகக் கொடுத்ததா, விலைக்கு வாங்கியதா என்பதைக் கிரய ஆதாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பட்டய நிலத்தில் சில மரங்கள் அரசுக்கே சொந்தம் என்பதால்தான் வயநாட்டில் முட்டில் என்ற ஊரில் பட்டய நில ஈட்டி மரங்களை வெட்டிய விவகாரம் 2021-ல் அவ்வளவு பெரிதானது. இதைப் படிக்கும் நீலகிரிக் கூடலூர்க்காரர்கள் என் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அங்கே அனுமதி கேட்டுத்தான் கோடரியை எடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சாயத்துக்குப் போனால் போகட்டும். ஆபத்தான மரத்தை வெட்டச் சொல்லி உடமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரத்தைக் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 238-ஆம் பிரிவு பஞ்சாயத்துக்குக் கொடுக்கிறது. அவர் அங்கே போயிருந்தாலும் மரத்தை வெட்டத்தான் சொல்லியிருப்பார்கள். வெட்டச் சொல்லி அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் உங்கள் கையில் இருக்கும்போது, ஏன் வெட்டினாய் என்று அவர் கேட்க முடியாது. எப்படி வெட்டினாய் என்றுதான் கேட்க முடியும்.

அந்தக் கேள்வியில்தான் உங்களுக்குச் சிக்கல். பலரும் நினைப்பது, வேலையை ஒருவரிடம் மொத்தமாக விட்டுவிட்டால் அதில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு என்று. பொது விதி கிட்டத்தட்ட அப்படித்தான்: தன் ஆட்களோடு, தன் வாளோடு, தன் முறைப்படி வேலை செய்யும் சுயேச்சையான கான்ட்ராக்டர் கவனக்குறைவாக நடந்தால், வேலை கொடுத்தவர் பொதுவாகப் பொறுப்பாக மாட்டார். ஆனால் இந்த விதிக்கு ஓட்டைகள் உண்டு, உங்கள் விவகாரம் அதில் இரண்டு ஓட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒன்று, வேலையே இயல்பில் ஆபத்தானதாக இருந்தால், அடுத்தவருக்குச் சேதம் வராமல் பார்க்கும் கடமையை முழுதாகக் கான்ட்ராக்டர் தலையில் கட்ட முடியாது. அடுத்த வீட்டு ஓட்டை நோக்கிச் சாய்ந்து நிற்கும் மரத்தை வெட்டுவது அந்த வகையில் வரும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் வாதாடுவார், நான் அந்தப் பக்கம் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். இரண்டு, எப்படிச் செய்ய வேண்டும் என்று நீங்கள் உத்தரவு போட்டீர்களா என்பது. தென்னங்கன்று மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது வெறும் வேண்டுகோள், அதில் தவறில்லை. 'அந்தப் பக்கமாக இறக்குங்கள்' என்று மதில் பக்கம் கை காட்டியிருந்தால் அது உத்தரவு. நீங்கள் சொன்னது எது என்று உங்களுக்குத்தான் தெரியும், வக்கீலிடம் போகும்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆக, பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட்டால் உங்களையும், நிலம் அவர் பேரில் என்பதால் உங்கள் வீட்டுக்காரரையும், கான்ட்ராக்டரையும் சேர்த்தே போடுவார். எனக்கு ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிட முடியாது. அதற்காக ஒரு லட்சம் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. நஷ்டஈடு என்பது உடைந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு, அவ்வளவுதான். முப்பது வருஷ ஓட்டுக்குப் பதில் கான்க்ரீட் போட்டுத்தர நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. ஒரு நல்ல கொத்தனாரையோ இன்ஜினீயரையோ கூட்டிப்போய், எத்தனை ஓடு, எத்தனை அடி மதில், என்ன கூலி என்று எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். அவர் வீட்டார் முன்னிலையில் போட்டோ எடுங்கள். அந்த மதில் யார் இடத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள், பல கேஸில் அது எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கும்.

தொகை ஒத்துவந்தால் கொடுத்து முடித்துவிடுவது என் தனிப்பட்ட விருப்பம், பக்கத்து வீட்டோடு பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைவதைவிட அது மேல். ஆனால் வேலி ஓரத்தில் நின்று கையில் பணம் கொடுக்காதீர்கள். பேங்க் வழியாகக் கொடுத்து, இந்தச் சேதம் முழுவதற்கும் இதுவே இறுதித் தொகை, இனி இது சம்பந்தமாக வேறு கோரிக்கை இல்லை என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். கூடவே ஒரு வரி: இது என் பொறுப்பை ஒப்புக்கொள்வதாகாது, கான்ட்ராக்டரிடம் இதை வசூலிக்கும் என் உரிமைக்குப் பாதிப்பில்லை. அந்த வரி இல்லாவிட்டால், நீங்களாகத்தானே கொடுத்தீர்கள் என்று பொள்ளாச்சிக்காரர் கேட்பார்.

போலீஸ் மிரட்டலுக்கு இரண்டு வார்த்தை. தவறுதலாகச் சுவர் இடிந்தது குற்றம் ஆகாது. சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றத்துக்கு, வேண்டுமென்றோ தெரிந்தோ செய்திருக்க வேண்டும். பையனுக்குக் கால் முறிந்தது வேறு விஷயம். கவனக்குறைவால் கொடுங்காயம் என்று பாரதிய நியாய சம்ஹிதையின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 125-ஆம் பிரிவில் கேஸ் வரலாம், கயிறும் பெல்ட்டும் இல்லாமல் ஏற்றிவிட்டவர்தான் அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பையனின் அம்மா விஷயம்தான் இதில் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்றால், அவன் கான்ட்ராக்டரின் ஆள், எனவே இழப்பீடு தர வேண்டியவர் கான்ட்ராக்டர். வேலையைக் கான்ட்ராக்டுக்கு விட்டவரையும் பிடிக்கும் விதி ஒன்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 12-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் தொடர்கிறது. ஆனால் அந்த வேலை, விட்டவரின் தொழில் அல்லது வியாபாரத்துக்காக நடந்திருந்தால்தான் அது பாயும். வீட்டுக் கொல்லையில் ஒரு புளியமரத்தை வெட்டியது உங்கள் தொழில் இல்லை. நீங்கள் தென்னந்தோப்பு வைத்து, வருமானத்துக்காக ஐம்பது மரத்தை வெட்டக் கான்ட்ராக்ட் விட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன், கான்ட்ராக்டரே இல்லாமல் டீக்கடையில் நிற்கும் இரண்டு பேரைத் தினக்கூலிக்குக் கூட்டிவந்து ஏற்றிவிடுவது இன்னும் ஆபத்து, ஏனென்றால் அப்போது முதலாளி நீங்கள்தான். எப்போதாவது ஒருநாள் கூப்பிடும் ஆளுக்கு இழப்பீடு இல்லை என்று முன்பு இருந்த விலக்கை 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே எடுத்துவிட்டார்கள். செலவு மிச்சம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக் கதவைச் சாத்தாதீர்கள். கான்ட்ராக்டரின் பெயர், போர்டு போட்டோ, லாரி எண், நீங்கள் ஜிபே செய்த எண் எல்லாவற்றையும் கொடுத்து, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கோ இலவசச் சட்ட உதவி மையத்துக்கோ போகச் சொல்லுங்கள். மனிதாபிமானமாக ஏதாவது கொடுக்க விரும்பினால் கொடுங்கள், அது உதவித்தொகை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி பொள்ளாச்சிக்காரர். எல்லை தாண்டிப் போய்விட்டார், அவர் ஊருக்குப் போய்க் கேஸ் போட வேண்டும் என்று பயப்படுகிறீர்கள். தேவையில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். உங்களுக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பிரச்சனை நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். நிலம் வீட்டுக்காரர் பேரில் இருப்பது தடையில்லை, வேலையைப் பேசியதும் பணம் கொடுத்ததும் நீங்கள்.

அவர் ஒரு குறுக்குவழி எடுப்பார், அதற்கு இப்போதே தயாராக இருங்கள். நான் புகார் கொடுத்தவரிடம் மரத்தை விலைக்கு வாங்கினேன், வாங்கியவன் நான், அவர் விற்றவர், அவர் எப்படி நுகர்வோர் ஆவார் என்று கேட்பார். மர வியாபாரிகள் தடிக்கு விலை கொடுத்து வெட்டிக்கொண்டு போகும் கேஸில் இது உண்மையிலேயே எடுபடும். உங்களைக் காப்பாற்றப் போவது அந்தப் பத்தாயிரம்தான். தடியும் கொடுத்து மேலே பணமும் கொடுத்தீர்கள் என்றால் நீங்கள் வாங்கியது ஒரு சேவை, தடி அதற்கான கூலியின் ஒரு பகுதி. அதனால் ஜிபே ரசீதை ஸ்க்ரீன்ஷாட்டோடு விட்டுவிடாமல் பேங்க் ஸ்டேட்மென்ட்டாகவும் எடுத்துவையுங்கள். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள், அந்தப் போனை மாற்றவோ ஃபார்மேட் செய்யவோ கூடாது. சிவில் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுப்படி அவற்றுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும். ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. பேசியது என்ன, செய்யாமல் விட்டது என்ன, பக்கத்து வீட்டுச் சேதம் எவ்வளவு, அடிமரத்தை வேறு ஆளை வைத்துத் தோண்ட எவ்வளவு ஆகும் என்று தொகையோடு எழுதி, பதினைந்து நாள் கெடு கொடுங்கள். மீதி ஐயாயிரத்தைக் கேட்டு அவரே போன் செய்தாலும் செய்வார், இந்த மாதிரி ஆட்கள் அதற்குக் கூச்சப்படுவதில்லை. அப்போது வாக்குவாதம் வேண்டாம், வேலையை முடித்தால் தருகிறேன் என்று மெசேஜில் மட்டும் பதில் சொல்லுங்கள். ஆணையம் உத்தரவு போட்டும் அவர் பணம் கட்டாவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனைக்கு அதே நுகர்வோர் சட்டத்தின் 72-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, அதை நோட்டீஸில் ஒரு வரியாகச் சேர்ப்பதில் தப்பில்லை.

அடிமரத்தைத் தோண்ட அடுத்த ஆளைக் கூப்பிடும்போது ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முத்திரைத்தாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்தே இல்லாததற்கு வெள்ளைத்தாள் எவ்வளவோ மேல். அவருடைய அடையாள அட்டை நகல், ஆட்கள் அவருடைய பொறுப்பு, அக்கம்பக்கத்துச் சேதம் அவருடைய பொறுப்பு, வேலை முடிந்த பிறகே தடியும் மீதிப் பணமும், லாரியில் ஏற்றும் கூலி யாருடையது. கடைசியாகச் சொன்னதை இந்தப் பக்கம் நிறையப் பேர் மறந்துவிட்டு, சுமட்டுத் தொழிலாளர்கள் (சுமை ஏற்றி இறக்குபவர்கள்) கூலி கேட்டு வந்து நிற்கும்போது முழிக்கிறார்கள். ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடு இருக்கிறது, தென்னைக்கு ஆள் கூப்பிடும்போது அந்த அட்டை வைத்திருப்பவரைத் தேடுங்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் முதலில் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஆளை ஏற்ற வேண்டும்.

பஞ்சாயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டால், வாட்ஸ்அப் செய்திகளின் பிரிண்டோடு உங்கள் பதிலைச் செக்ரட்டரியிடம் கொடுத்துக் பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்குங்கள். மலையாளத்தில் எழுத ஆள் தேடி அலைய வேண்டாம், மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழிலேயே மனு கொடுத்துத் தமிழிலேயே பதில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.