போர்க்கெத்தா வீட்டில் செய்தால் தோல் ஏன் ரப்பர் மாதிரி வருகிறது?

போர்க்கெத்தா என்பது எலும்பெடுத்த பன்றி இறைச்சிக்குள் மசாலா வைத்துத் தோலோடு வாட்டும் இத்தாலியப் பண்டம். இறைச்சியைச் சுருட்டிக் கட்டிய கையோடு ஓவனில் வைத்திருப்பீர்கள். கருகிவிடுமோ என்று அலுமினியத் தாளும் போட்டிருப்பீர்கள். ரோமில் என் முதல் கிறிஸ்துமஸுக்கு நானும் அதைத்தான் செய்தேன். மூன்று கிலோ பன்றி வயிற்றுப் பகுதி, நான்கு விருந்தாளிகள். தோலில் கத்தியே இறங்கவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மிச்சத்தைக் கீழ் வீட்டுப் பாட்டிக்குக் கொண்டுபோனேன். அவர் மத்திய இத்தாலியில் இருக்கும் அம்ப்ரியா பகுதிக்காரர். தோலை விரலால் அழுத்திப் பார்த்து, "ஈரம்" என்றார். அவ்வளவுதான் விஷயம். தோல் மேல் உப்பைத் தேய்த்து, மூடாமல் ஒரு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் துடைத்துவிட்டு 150 டிகிரியில் மூன்று மணி நேரம், கடைசி அரை மணி 230 டிகிரி. தாள் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை தட்டினால் அப்பளம் மாதிரி சத்தம் வந்தது.

உள்ளே பூண்டு, உப்பு, மிளகு, அப்புறம் பாட்டி கொடுத்த காட்டுச் சோம்பு. உடனே யாராவது "அரிச்சாவில் சோம்பு போடமாட்டார்கள், ரோஸ்மேரிதான்" என்று எழுதுவீர்கள். தெரியும். ரோமுக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊருக்கு எத்தனையோ ஞாயிறு போயிருக்கிறேன். எலும்பெடுத்த முழுப் பன்றியை வாட்டி வெட்டித் தருவார்கள். 1950 முதல் அதற்கென்றே திருவிழா நடத்துகிறார்கள், 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். அதற்காக அம்ப்ரியாக்காரர்கள் செய்வது போர்க்கெத்தா இல்லை என்றாகிவிடுமா? சோம்பு இல்லாததைப் பாட்டி தொடவே மாட்டார்.

"வெறும் பன்றி வறுவல்தானே" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்லியே ஆக வேண்டும். வீட்டைக் காலி செய்தபோது, சமையல் வாடை சுவரில் ஏறிவிட்டது என்று சொல்லி வீட்டுக்காரர் என் முன்பணத்தில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அதே கட்டடத்தில் ஞாயிறுதோறும் எல்லா வீட்டிலும் இறைச்சி வெந்துகொண்டுதான் இருந்தது. வாடை என் வீட்டில் மட்டும் வந்ததாம். இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெளியே எடுத்ததும் அரை மணி நேரம் விட்டு வெட்டுங்கள். மிச்சத்தை மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்துவைத்து, சூடாக்காமல் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் தோல் மறுபடி ரப்பராகிவிடும்.