தோழியை இன்று இரவு பஸ் நிலையத்தில் விடாதீர்கள்

தம்பி, திருநங்கை என்று தெரிந்ததும் உங்கள் தோழியை வீட்டார் வெளியே அனுப்பிவிட்டார்கள், இரண்டு இரவாக யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் மனம் தாங்கவில்லை. இன்று இரவுக்கு உங்கள் வீட்டிலேயே ஒரு பாய் போட முடியுமா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். நாளை யாழ்ப்பாணம் திருநர் வலையமைப்பைத் தொடர்புகொள்ளுங்கள்; இதே நிலையைக் கடந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அவருடைய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வீட்டில் கிடக்கின்றனவா? அவர் தனியாகப் போய் எடுக்க வேண்டாம். வீட்டார் மதிக்கும் ஒரு மாமியையோ சித்தப்பாவையோ அனுப்புங்கள். அவை இல்லாமல் வாடகை அறை, வேலை எல்லாமே கஷ்டம்.

பெயர் மாற்றம் அப்புறம் பார்க்கலாம். சுகாதார அமைச்சின் 2016 சுற்றறிக்கைப்படி மனநல வைத்தியரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்களுக்கு அதில் இடமில்லை, அது பெரிய அநியாயம்.

பொலிஸார் தொந்தரவு செய்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடுங்கள். தோழி மனமுடைந்து பேசினால் உடனே 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அட்டை எடுக்க ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.